யார் கொண்டுவந்தது

பருத்திக் கயிறொன்றைக் கம்பித் தடுப்பில் தொங்கவிட்டால் போதும்,
பன்றிகள் சும்மா விடாது.
மெல்லும், இழுக்கும், ஒன்றையொன்று நெட்டித் தள்ளி
மறுபடி வந்து மெல்லும்.
இருபது நிமிடம். ஊறிய கயிற்றைப் பிழிந்து குழாயில் பிடித்து
மூடிமேல் எழுதினேன்:
ஐயோவா, ஹூக்ஸ்ட்ரா பண்ணை, மூன்றாம் கொட்டகை, ஜனவரி.

இரண்டாயிரத்து நானூறு பன்றிகள் சேர்ந்து இருமினால்
இருமல் மாதிரியே இருப்பதில்லை.
பனிவெளிக்கு அப்பால் ஏதோ ஓர் ஊரில்
எல்லா நாய்களும் குரைப்பது போலிருக்கிறது.

"சாகாது," என்றேன். "எடைதான் ஏறாது."
கெரிட் ஹூக்ஸ்ட்ரா தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.
"யார் கொண்டுவந்தது?"
எது என்று கேட்கவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை.
கண் மட்டும் போய்வந்தது,
தீவனக் குழாயைத் தட்டிக்கொண்டிருந்த எலிசேயோ தியுல் பக்கம்.
குவாத்தமாலாக்காரர்.
கிறிஸ்துமஸ் வாரத்தில் காய்ச்சலோடு வேலைக்கு வந்தவர்.
வராத நாளுக்குக் கூலி இல்லை என்பதால் வந்தவர்.

ஒன்பது நாளில் மரம் வந்தது.
ஆய்வகத்தில் அதை மரம் என்றுதான் சொல்கிறோம்.
வேர் இடப்பக்கம், இலைகள் வலப்பக்கம்,
காற்றில் சாய்ந்தது சாய்ந்தபடியே வளர்ந்துவிட்டதைப் போல.
ஒவ்வோர் இலையும் ஒரு மூக்கு.
வைரஸ் தன்னைப் படியெடுக்கையில் எழுத்துப்பிழை விடும்,
பிழைதிருத்த ஆள் கிடையாது.
பிழைகளை எண்ணினால் ஆண்டுகள் கிடைக்கும்.
அவ்வளவுதான் என் படிப்பு.

எட்டுத் துண்டுகள். எட்டுக்கும் ஒரே ஊர் இல்லை.
இரண்டு, ஏதோ ஓர் ஏரியில் இறங்கிய பறவையினுடையவை.
மூன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில்
மனிதரைக் கொத்துக் கொத்தாய்க் கொண்டுபோன காய்ச்சலின் வழித்தோன்றல்.
அந்த நாளில்தான் அது பன்றிக்குள்ளும் குடியேறியது.
நாம் புதைத்தோம், மறந்தோம்.
பன்றிகள் அதைத் தலைமுறை தலைமுறையாக
மூக்கில் வைத்துக் காத்தன,
யாரும் வந்து கேட்காத அடகுப்பொருளை.

மேற்சட்டை மட்டும் புதிது. அது மனிதனுடையது.
கிளையைப் பின்னோக்கித் தொட்டுக்கொண்டே போனேன்.
ஹூக்ஸ்ட்ராவின் வேலி தாண்டி, மிசௌரி தாண்டி,
நான்கு குளிர்காலம் முன்னால், வட கரோலினாவில்
கிளை மனிதப் பக்கமிருந்து பன்றிப் பக்கம் தாவுகிறது.
அங்கே பிறக்கும் குட்டிகள்
மக்காச்சோளம் மலிந்த இந்தப் பக்கத்துக்கு லாரியில் வருகின்றன,
மூன்று வாரத்துப் பிள்ளைகள், மூன்றடுக்கு லாரி.
வைரஸ் எங்கும் நடந்து போனதில்லை.
நாம் போட்ட சாலை, நாம் ஊற்றிய டீசல்.

அந்தக் குளிர்காலத்தில் எலிசேயோ
கோபான் மலையில் ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

கெரிட் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
தாவிய இடத்தில் விரலை வைத்து,
"இது யார்?"
"பெயர் கிடையாது. இருமிய யாரோ ஒருவர்."
"நம் ஆளா, வெளியாளா?"
"மரத்தில் அதெல்லாம் தெரியாது."
நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
இருக்கட்டும் என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

வெளியே எலிசேயோ பனியை வாரிக்கொண்டிருந்தார்.
எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் சொன்னேன்:
"நீங்கள் இல்லை. நிச்சயமாக நீங்கள் இல்லை."
மண்வாரியை ஊன்றி நிமிர்ந்தார்.
"நான் என்று யார் சொன்னது?"

பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு ஸ்பானிஷ் வராது.
எந்த மொழியிலும் வராது என்று நினைக்கிறேன்.

இதையும் அவரிடம் சொல்லவில்லை:
அவருடைய டிசம்பர் காய்ச்சல்
எந்தப் பன்றிக்குள்ளும் போகாமலே தீர்ந்திருக்கலாம்,
பெரும்பாலும் அப்படித்தான்.
அல்லது நாலைந்து குளிர்காலம் கழித்து
வேறொருத்தி வேறொரு கயிற்றைப் பிழியும்போது
ஓரமாய் ஒரு தளிராக வரலாம்.

விதிப்படி குளித்தேன், உடை மாற்றினேன்,
பூட்ஸைக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கினேன்.
தொண்டையில் காலையிலிருந்தே ஒரு கரகரப்பு.
காரில் ஏறி, கண்ணாடி ஏற்றி,
கதவைச் சாத்திய பிறகுதான்
இருமினேன்.